எந்த மெஷின்ல உக்காந்தாலும் நமக்குப் புடிச்ச எடிட்டரே திறக்க வைக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோட் மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கற கிட்ல, பதிவுக்கு ஒரு மெசேஜ் எழுத கிட் கமிட் அடிக்கிறீங்க, ஒரு மெஷின்ல நானோ எடிட்டர் திறக்குது, இன்னொண்ணுல விஐ திறந்து வெளிய வர வழி தெரியாம முழிக்க வைக்குது, மூணாவதுல எடிட்டரே கிடைக்கலன்னு எர்ரர் அடிச்சுட்டு கமிட்டே ஆகாம நின்னுடுது. ஆபீஸ்ல மேக், வீட்ல லினக்ஸ், நடுவுல எஸ்எஸ்ஹெச்ல (நெட்வொர்க் வழியா இன்னொரு மெஷினோட டெர்மினலுக்குள்ள போற வழி) போய் வர்ற சர்வருங்க, போதாததுக்கு ஒரு விண்டோஸ் மெஷின்னு இருக்கறவங்களுக்கு இது தினசரித் தலைவலி. பாஷ்ங்கற ஷெல் (நாம அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டற ப்ரோக்ராம்) திறக்கும்போது படிக்கற பாஷ்ஆர்சி ஃபைல்ல ஒரு வரி எழுதி எடிட்டர் பேரைப் போட்டுடு, வேலை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. ஒரே மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு அது போதும். ஒரே கான்ஃபிக்கை நாலஞ்சு எடத்துக்குத் தூக்கிட்டுப் போறவங்களுக்குப் பத்தாது, ஏன்னா அந்த வரில இருக்கற எடிட்டர் அடுத்த மெஷின்ல இருக்கும்னு யாரும் கேரண்டி குடுக்க முடியாது. அதனால எடிட்டர் பேரை எங்கயும் நேரா எழுதாம, கூப்பிடற அந்த நிமிஷத்துல இங்க என்ன இன்ஸ்டால் ஆயிருக்கு, எது ஓடும்னு பாத்து முடிவு பண்ற ஒரு குட்டி ஸ்க்ரிப்டை எழுதி, எல்லா ப்ரோக்ராமையும் அதுகிட்ட அனுப்பிடறதுதான் என் கட்சி.

கமாண்ட், ஃபைல் பேர் எல்லாத்தையும் பேசுற மாதிரியே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது வழக்கமான ஆங்கில ஸ்பெல்லிங்லயே அடிச்சுக்கோங்க.

முதல்ல: எடிட்டர், விஷுவல்னு ரெண்டு வேரியபிள் எதுக்கு

லினக்ஸ், மேக் மாதிரி யூனிக்ஸ் வகை சிஸ்டம்ல ஒரு ப்ரோக்ராமுக்கு "யூசர் ஏதோ எழுதணும், எடிட்டரைத் திற"ன்னு தேவைப்பட்டா அது பொதுவா ரெண்டு என்விரான்மென்ட் வேரியபிளைப் (ஷெல், தான் திறக்கற ப்ரோக்ராமுக்கெல்லாம் குடுத்தனுப்பற செட்டிங்) பாக்கும். ஒண்ணு $எடிட்டர், இன்னொண்ணு $விஷுவல், ரெண்டும் முழுக்க பெரிய எழுத்து. இது பழைய காலத்து மிச்சம். 1969-ல கென் தாம்ப்சன் எழுதின எட் எடிட்டர் ஒவ்வொரு வரியா வேலை செய்யும், ஸ்க்ரீனே இல்லாம பேப்பர்ல அச்சடிக்கற டெலிடைப் மெஷின்லயும் ஓடும். 1976 வாக்குல பில் ஜாய் எழுதின விஐ முழு ஸ்க்ரீனையும் புடிச்சுக்கும். அதனால சாதாரண டெர்மினலா இருந்தா எடிட்டர்ல சொன்னது, முழு ஸ்க்ரீன் வசதி இருந்தா விஷுவல்ல சொன்னதுன்னு பிரிச்சு வச்சாங்க. இன்னைக்கு டெலிடைப்ல யாரும் வேலை பாக்கல, ஆனா வேரியபிள் ரெண்டும் அப்படியே நின்னுடுச்சு.

சிக்கல் என்னன்னா எந்த ப்ரோக்ராம் எதை முதல்ல பாக்கும்ங்கறதுல ஒத்துமை கிடையாது. கிட் முதல்ல கிட்_எடிட்டர்ங்கற வேரியபிளைப் பாக்கும், அது இல்லன்னா கான்ஃபிக்ல இருக்கற கோர்.எடிட்டர், அப்புறம் விஷுவல், அப்புறம் எடிட்டர், எதுவுமே இல்லன்னா விஐ. ஃபைலைப் பக்கம் பக்கமா காட்டற லெஸ்ல ஒரு ஃபைலைப் படிச்சுட்டு இருக்கும்போது வி கீயை அழுத்தினா விஷுவல், அப்புறம் எடிட்டர். நேரம் குறிச்சு ஓட்டற வேலைகளோட லிஸ்ட்டைத் திருத்தற க்ரான்டேபும் அதே வரிசைதான். ஆனா லினக்ஸ் சர்வீஸ் செட்டிங்கைத் திருத்தற சிஸ்டம்சிடிஎல் எடிட் மட்டும் தலைகீழ், சிஸ்டம்டி_எடிட்டர்னு தனியா ஒண்ணு, அதுக்கப்புறம் எடிட்டர், அதுக்கப்புறம்தான் விஷுவல். குபர்நெட்டீஸ்காரங்க யூஸ் பண்ற க்யூப்சிடிஎல் எடிட் க்யூப்_எடிட்டர் பாத்துட்டு எடிட்டரைப் பாக்கும், விஷுவல் பக்கமே போகாது. பாஷ்ல, முன்னாடி அடிச்ச கமாண்டைத் திருத்தி ஓட்டற எஃப்சி கமாண்டுக்கு எஃப்சிஎடிட்னு தனி வேரியபிள்.

இதையெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. எடிட்டர், விஷுவல் ரெண்டுலயும் ஒரே மதிப்பைப் போட்டுட்டா வரிசை எப்படி இருந்தாலும் ஒண்ணுதான். மத்த தனி வேரியபிள் எல்லாத்தையும் காலியா விட்டுடுங்க.

ஒரு ப்ரோக்ராம் எதைப் பாக்குதுன்னு சந்தேகமா இருந்தா ஒரு சின்ன ட்ரிக் இருக்கு. கமாண்டுக்கு முன்னாடியே அதே வரில விஷுவலுக்கு "எக்கோ விஷுவல்"னும் எடிட்டருக்கு "எக்கோ எடிட்டர்"னும் மேற்கோள் குறி போட்டுக் குடுத்துட்டு, பின்னாடி க்ரான்டேப் -இ அடிங்க. எடிட்டருக்கு பதிலா எக்கோ ஓடி, எந்தப் பேரு ஜெயிச்சுதோ அதையும் பக்கத்துல டெம்ப் ஃபைலோட பாதையையும் ஸ்க்ரீன்ல எழுதிட்டுப் போயிடும். ஃபைல்ல ஒண்ணும் மாறாததால க்ரான்டேபும் அப்படியே இருக்கும். கிட்டுக்கு இதைவிட ஈஸி, "கிட் வார் கிட்_எடிட்டர்"னு அடிச்சா கடைசியா எது முடிவாச்சோ அதையே சொல்லிடும்.

எந்த சிஸ்டம்ல என்ன இருக்கும்

டெபியன், உபுன்ட்டு குடும்பத்துல சிஸ்டம் முழுக்கான டிஃபால்ட் எடிட்டர்னு ஒரு லிங்க் இருக்கு, /யூஎஸ்ஆர்/பின்/எடிட்டர். அதை மாத்த அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் கமாண்டை --கான்ஃபிக் எடிட்டர்னு குடுத்து ரூட்டா (முழு அதிகாரமுள்ள அட்மின் அக்கவுன்ட்) ஓட்டணும், நம்பர் போட்டு லிஸ்ட் வரும். உங்க அக்கவுன்டுக்கு மட்டும்னா செலக்ட்-எடிட்டர் போதும், அது ஹோம் ஃபோல்டர்ல .செலக்டட்_எடிட்டர்னு ஒரு ஃபைல் எழுதி வச்சுக்கும். ஒரே மெஷின்காரங்க இதோட நிறுத்திக்கலாம். இன்னொரு விஷயம், சின்ன இன்ஸ்டால்ல இவங்க குடுக்கறது விம்.டைனிங்கற வெட்டி சுருக்கின விம், அது விஐங்கற பேர்ல மட்டும்தான் கிடைக்கும், விம்னு அடிச்சா கமாண்ட் இல்லன்னு சொல்லும். இது பின்னாடி ஸ்க்ரிப்ட்ல முக்கியம்.

ஃபெடோரா 2020-ல வந்த 33-வது வெர்ஷன்லேந்து நானோவை டிஃபால்ட் ஆக்கிட்டாங்க. ஆல்பைன்ல பிஸிபாக்ஸோட விஐ, அடிப்படை வேலைக்கு மட்டும். மேக்ல விம் இருக்கு, ஆனா நானோன்னு அடிச்சா 12.3-லேந்து திறக்கறது பழைய பைக்கோ, நானோஆர்சில நீங்க செஞ்ச செட்டிங் எதுவும் அங்க எடுபடாது, ஹோம்ப்ரூல நிஜ நானோவைப் போட்டுக்கணும். கன்டெய்னர் இமேஜ் நிறையத்துல எடிட்டர்ங்கற ஐட்டமே கிடையாது, விஐ கூட இல்ல. "விஐ எங்கயும் இருக்கும்"ங்கற பழைய பேச்சை நம்பி ஸ்க்ரிப்ட் எழுதாதீங்க.

ஸ்க்ரிப்ட் எழுதறது

ஹோம் ஃபோல்டர்ல .லோக்கல்/பின் உள்ள ஒரு ஃபைல் உருவாக்குங்க. பேர் என்ன வேணா வைக்கலாம், ஆனா எடிட்டர்னும் எடிட்னும் வைக்காதீங்க, அந்தப் பேர்ல ஏற்கெனவே சிஸ்டம்ல வேற ஆளுங்க இருக்காங்க. நான் இங்க மைஎடிட்னு சொல்றேன்.

முதல் வரி #!/பின்/எஸ்ஹெச். பாஷ் போடாதீங்க, ஆல்பைன்ல பாஷ் இருக்காது, மேக்ல இருக்கற பாஷ் 3.2, ரொம்பப் பழசு. சாதாரண எஸ்ஹெச்ல எழுதினா எல்லா எடத்துலயும் ஓடும்.

அடுத்து ஒரு ஃபார் லூப். என்விம் (நியோவிம்), விம், நானோ, விஐன்னு உங்களுக்குப் புடிச்ச வரிசைல பேர்களை அடுக்குங்க. ஈமேக்ஸ் ஆளா இருந்தா ஈமேக்ஸ்க்ளையன்ட் -டி லூப்புக்கு முன்னாடி தனியா ஒரு இஃப்ல வரட்டும், லிஸ்ட்டுக்குள்ள போட்டா -டி தனிப் பேரா உடைஞ்சுடும். லூப்புக்குள்ள ஒவ்வொரு பேருக்கும் "கமாண்ட் -வி" குடுத்து அது இருக்கான்னு பாக்கணும், அதோட அவுட்புட்டையும் எர்ரரையும் /டெவ்/நல்-க்கு அனுப்பிடுங்க. விச் கமாண்டை இதுக்கு யூஸ் பண்ண வேண்டாம், அது ஸ்டாண்டர்டுல இல்ல, சில குட்டி சிஸ்டம்ல இன்ஸ்டாலே ஆயிருக்காது. கமாண்ட் -வி பாசிக்ஸ்ங்கற யூனிக்ஸ் ஸ்டாண்டர்டுல இருக்கு, ஷெல்லுக்குள்ளயே இருக்கு. விஐயை கடைசில வைக்கறதுக்குக் காரணம் மேல சொன்ன விம்.டைனிதான், விம் இல்லாத உபுன்ட்டுலயும் விஐன்னு தேடினா அது மாட்டும்.

கிடைச்சதும் அதை எக்ஸெக் போட்டு ஓட்டணும், பின்னாடி மேற்கோள் குறிக்குள்ள, கூப்பிட்டவன் குடுத்த ஃபைல் பேரைக் குறிக்கற "$@". இந்த ரெண்டையும் விட்டுடக்கூடாது. மேற்கோள் குறி இல்லாம $@ போட்டா பேர்ல ஸ்பேஸ் இருக்கற ஃபைல் ரெண்டா உடைஞ்சு, இல்லாத ரெண்டு ஃபைலை எடிட்டர் திறக்கும். எக்ஸெக் போட்டா ஸ்க்ரிப்ட் தன் எடத்தை எடிட்டருக்கே குடுத்துட்டு விலகிடும், எடிட்டர் முடியும்போது குடுக்கற எக்ஸிட் கோட் (0-ன்னா நல்லபடியா முடிஞ்சுது, மத்ததுன்னா எர்ரர்) நேரா கூப்பிட்ட ப்ரோக்ராமுக்குப் போகும். விம்ல கமிட் மெசேஜ் எழுதிட்டு இருக்கும்போது மனசு மாறி :சிக்யூ அடிச்சு வெளிய வந்தா எர்ரர் கோடோட வெளிய வரும், கிட் அதைப் பாத்துட்டு கமிட்டை ரத்து பண்ணும். ஸ்க்ரிப்ட் நடுவுல உக்காந்து அந்தக் கோடை முழுங்கிட்டா வேணாம்னு நினைச்ச கமிட்டும் உள்ள போயிடும், போன கமிட்டைத் திருத்தற அமெண்ட் பண்ணும்போது இது நிஜமாவே நடக்கும், ஏன்னா பழைய மெசேஜ் ஃபைல்ல ஏற்கெனவே இருக்கு.

லூப் முடிஞ்சும் ஒண்ணும் கிடைக்கலன்னா எர்ரர் பக்கம் ஒரு வரி எழுதிட்டு எக்ஸிட் 1. சும்மா முடிஞ்சா எக்ஸிட் கோட் 0-ன்னு ஆயிடலாம், கூப்பிட்டவன் எல்லாம் நல்லபடியா நடந்துதுன்னு நினைச்சுப்பான்.

ஒரு எச்சரிக்கை. லூப்புக்குள்ள $எடிட்டர் என்ன சொல்லுதுன்னு பாக்கலாமேன்னு தோணும், டெபியன்ல இருக்கற சென்சிபிள்-எடிட்டரைக் கடைசி ஆப்ஷனா வைக்கலாமேன்னும் தோணும். ரெண்டும் வேணாம். $எடிட்டர் இப்ப மைஎடிட்டைத்தான் காட்டுது, சென்சிபிள்-எடிட்டரும் விஷுவலைப் பாத்துட்டு மைஎடிட்டையே கூப்பிடும், மைஎடிட் மறுபடி அதைக் கூப்பிடும், நாய் தன் வாலைத் துரத்தற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும்.

ஃபைலை சேவ் பண்ணி சிஹெச்மோட் +எக்ஸ் குடுத்துடுங்க.

ஜன்னல் வச்ச எடிட்டர் வேணும்னா

விஎஸ் கோட், சப்லைம் ஆளுங்களுக்கு ரெண்டு பிரச்சினை. முதலாவது, இந்த எடிட்டர் எல்லாம் ஜன்னலைத் திறந்துட்டு கமாண்டை உடனே முடிச்சுக்கும். கிட் என்ன நினைக்கும், எடிட் முடிஞ்சுதுன்னு நினைச்சு ஃபைலைப் படிக்கும், நீங்க இன்னும் ஒரு எழுத்து கூட அடிச்சிருக்க மாட்டீங்க, காலி மெசேஜ்னு கமிட் ரத்து. அதனால விஎஸ் கோடைத் திறக்கற கோட் கமாண்டுக்கு --வெயிட், சப்லைமுக்கு -டபிள்யூ, ஜிவிம்முக்கு -எஃப் கண்டிப்பா வேணும். ஃபைல் டேபை மூடினப்புறம்தான் கமாண்ட் முடியும்.

இந்த ஆப்ஷனை எடிட்டர் வேரியபிளுக்குள்ளயே எழுதலாம்தான், கிட் ஏத்துக்கும். ஆனா சில ப்ரோக்ராம் அந்த முழு வரியையும் ஒரே கமாண்ட் பேரா எடுத்துக்கிட்டு "கோட் --வெயிட்"ங்கற ஃபைல் இல்லையேன்னு புலம்பும். ஸ்க்ரிப்ட் வச்சுட்டா வேரியபிள்ல ஸ்பேஸ் இல்லாத ஒத்தைப் பேருதான் இருக்கும், இந்த வம்பே இல்ல.

ரெண்டாவது, எஸ்எஸ்ஹெச்ல போன சர்வர்ல பொதுவா ஜன்னல் திறக்க முடியாது. அதனால ஃபார் லூப்புக்கு முன்னாடி ஒரு இஃப் வைக்கணும். எஸ்எஸ்ஹெச்_கனெக்‌ஷன் வேரியபிள் காலியா இருக்கணும், அதோட லினக்ஸா இருந்தா டிஸ்ப்ளே இல்லன்னா வேலேண்ட்_டிஸ்ப்ளே ரெண்டுல ஒண்ணு நிரம்பியிருக்கணும், மேக்ல அந்த வேரியபிள் இருக்காதுங்கறதால யூநேம் -எஸ் குடுத்து டார்வின்னு பதில் வந்தா போதும், இதெல்லாம் சரியா இருந்து கோட் கமாண்டும் இருந்தா மட்டும் எக்ஸெக் கோட் --வெயிட் "$@". இல்லன்னா சத்தமில்லாம கீழ இருக்கற லூப்புக்கு வந்துடும். மேக்ல கோட் கமாண்ட் தானா வராது, விஎஸ் கோட் உள்ள கமாண்ட் பேலட்ல போய் அதை பாத்ல (ஷெல் கமாண்டைத் தேடற ஃபோல்டர் லிஸ்ட்) இன்ஸ்டால் பண்ற ஆப்ஷனைத் தட்டணும்.

விஎஸ் கோட் உள்ள இருக்கற டெர்மினல்லேந்து மட்டும் அது திறந்தா போதும், தனி டெர்மினல்ல விம்மே இருக்கட்டும்னா டெர்ம்_ப்ரோக்ராம் வேரியபிள் விஎஸ்கோட்னு இருக்கான்னு மட்டும் பாருங்க. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு, எங்க உக்காந்திருக்கோமோ அங்கயே எடிட்டரும் திறக்குது, கண்ணு அலைபாய வேண்டியதில்ல.

டீமக்ஸ் (ஒரு டெர்மினலைப் பல பேனா, அதாவது பகுதியாப் பிரிச்சு, விட்டுட்டுப் போனாலும் ஓட வைக்கற ப்ரோக்ராம்) யூஸ் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. வேரியபிள் எல்லாம் பேன் திறந்த நேரத்துல இருந்தபடியே உறைஞ்சு நிக்கும். ஆபீஸ்ல நேரா உக்காந்து ஆரம்பிச்ச செஷனை ராத்திரி எஸ்எஸ்ஹெச்ல அட்டாச் பண்ணினா பழைய பேன்ல டிஸ்ப்ளே இன்னும் இருக்கு, எஸ்எஸ்ஹெச்_கனெக்‌ஷன் இல்ல, ஸ்க்ரிப்ட் ஏமாந்து ஆபீஸ் ஸ்க்ரீன்ல ஜன்னலைத் திறந்துட்டு உங்களைக் காக்க வைக்கும். புது பேன் திறந்தா சரியாயிடும். அடிக்கடி இப்படி செய்யறவங்க டீமக்ஸ் வேரியபிள் நிரம்பியிருந்தா ஜன்னல் எடிட்டரே வேணாம்னு ஒரு கண்டிஷனைச் சேத்துடுங்க.

எந்த ஃபைல்ல எக்ஸ்போர்ட் பண்றது

வேரியபிள் ரெண்டையும் மைஎடிட்னு வச்சு எக்ஸ்போர்ட் பண்ணணும். பாஷ்னா .ப்ரொஃபைல், ஆனா .பாஷ்_ப்ரொஃபைல்னு ஒரு ஃபைல் இருந்தா பாஷ் அதை மட்டும் படிச்சுட்டு .ப்ரொஃபைலைத் தொடவே தொடாது, அதனால ரெண்டும் இருந்தா ஒண்ணுலேந்து இன்னொண்ணை சோர்ஸ் பண்ணுங்க. லினக்ஸ்ல புது டெர்மினல் திறந்தா அது பொதுவா லாகின் ஷெல் (லாகின் பண்ணும்போது திறக்கற, .ப்ரொஃபைலைப் படிக்கற ஷெல்) இல்ல, .பாஷ்ஆர்சிதான் ஓடும், அதனால .ப்ரொஃபைல்ல வச்சது அங்க வரலன்னா .பாஷ்ஆர்சிலயும் வைங்க. மேக் டெர்மினல் ஒவ்வொரு தடவையும் லாகின் ஷெல்லாதான் திறக்கும். ஃபிஷ்ங்கற ஷெல்னா கான்ஃபிக்.ஃபிஷ்ல செட் -ஜிஎக்ஸ்.

.லோக்கல்/பின் பாத்ல இருக்கணும்ங்கறது முக்கியம், அதோட மேக்ல வரிசையும் முக்கியம். ஆப்பிள் சிலிக்கான் மெஷின்ல ஹோம்ப்ரூ /ஆப்ட்/ஹோம்ப்ரூ கீழ இருக்கு. மேக்ல டிஃபால்ட் ஷெல்லான ஸீஷெல்காரங்க பாத்தை .ஸீஎஸ்ஹெச்என்வில மாத்தினா அதுக்கப்புறம் ஓடற /இடிசி/ஸீப்ரொஃபைல், பாத் வரிசையைக் கலைச்சு சிஸ்டம் ஃபோல்டரை முன்னாடி கொண்டு வந்துடும், நீங்க போட்ட புது விம் இருந்தும் ஆப்பிளோட பழைய விம்மே திறக்கும். .ஸீப்ரொஃபைல்ல மாத்துங்க. நல்ல விஷயம், ஸ்க்ரிப்ட் ஓடற நேரத்துல தேடறதால பாத் சரியானா இதுவும் தானா சரியாயிடும்.

ஸீஷெல்ல இன்னொரு கூத்து இருக்கு. எடிட்டர் அல்லது விஷுவல் மதிப்புல எங்கயாவது வி, ஐ ரெண்டு எழுத்தும் அடுத்தடுத்து வந்தா கமாண்ட் லைனே விஐ மோடுக்கு மாறிடும். என்விம்ல அந்த ரெண்டு எழுத்து இருக்கு பாருங்க. எடிட்டரை நியோவிம்னு வச்சதும் கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-இ வேலை செய்யலன்னு கீபோர்டைச் சந்தேகப்படறவங்க இதனால மாட்டினவங்கதான். மைஎடிட்னு பேர் வச்சா அந்தப் பிரச்சினை வராது, இருந்தாலும் ஸீஎஸ்ஹெச்ஆர்சில பைண்ட்கீ -இ ஒரு வரி போட்டு வைங்க, விஐ மோட்தான் வேணும்னா -வி போடுங்க.

விண்டோஸ்

கிட்டோட வர்ற கிட் பாஷ், விண்டோஸுக்குள்ள லினக்ஸை ஓட்டற டபிள்யூஎஸ்எல் ரெண்டுலயும் மேல சொன்ன ஸ்க்ரிப்டே ஓடும். கிட் பாஷ்ல டிஸ்ப்ளே கண்டிஷனை நம்பாம, யூநேம் -எஸ் எம்ஐஎன்ஜிடபிள்யூன்னு ஆரம்பிச்சா ஜன்னல் இருக்குன்னு எடுத்துக்கோங்க. லூப் கடைசில நோட்பேடையும் சேக்கலாம், 2018-ல வந்த விண்டோஸ் 10-ஓட 1809 வெர்ஷன்லேந்து அது யூனிக்ஸ் ஸ்டைல் வரி முடிவைப் புரிஞ்சுக்குது, அதுக்கு முன்னாடி மொத்த ஃபைலும் ஒரே வரியா தெரியும்.

பவர்ஷெல்னா $ப்ரொஃபைல் காட்டற ஃபைல்ல $என்வி:எடிட்டர் வச்சா போதும், இருக்கான்னு பாக்க கெட்-கமாண்ட். செட்எக்ஸ்ல வச்சா ஏற்கெனவே திறந்திருக்கற ஜன்னலுக்கு அது தெரியாது, மூடித் திறக்கணும்.

நிஜமான தொல்லை வரி முடிவுதான். ஸ்க்ரிப்டை விண்டோஸ்ல எடிட் பண்ணி கிட்ல போட்டு லினக்ஸ்ல இழுத்தா முதல் வரிக் கடைசில கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கிட்டு வரும், ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கும்போதே "அப்படி ஒரு ஃபைல் இல்ல"ன்னு எர்ரர் வரும். உங்க கான்ஃபிக் ஃபைல்களை வச்சிருக்கற டாட்ஃபைல்ஸ் ரெப்போல .கிட்அட்ரிப்யூட்ஸ்ல இந்த ஃபைலுக்கு இஓஎல்=எல்எஃப்னு எழுதிடுங்க.

சுடோவும் பழைய செட்டிங்கும்

சுடோ (ஒரு கமாண்டை ரூட்டா ஓட்டறது) போட்டு விம் திறக்கறதை விட்டுட்டு சுடோஎடிட் பழகிக்கோங்க. சுடோ டிஃபால்டா என்விரான்மென்டைத் துடைச்சுடும், உங்க விம்ஆர்சியும் வராம போகலாம். சுடோஎடிட், ஃபைலோட ஒரு காப்பியை எடுத்து, எடிட்டரை உங்க அக்கவுன்ட்லயே ஓட்டி, முடிஞ்சப்புறம் ரூட்டா திருப்பி வைக்கும். அது சுடோ_எடிட்டர், விஷுவல், எடிட்டர்னு வரிசையா பாக்கும், மைஎடிட் அழகா வேலை செய்யும். சுடோவோட செட்டிங் ஃபைலைத் திருத்தற விசுடோவுக்கு மட்டும் சிஸ்டம் டிஃபால்டையே விட்டுடுங்க. அங்க எடிட்டர் ரூட்டாவே ஓடும், உங்க ஹோம் ஃபோல்டர்ல, உங்க அக்கவுன்ட்ல ஓடற எதுவும் மாத்தக்கூடிய ஒரு ஸ்க்ரிப்டை ரூட் கைல குடுக்கறது நல்லதில்ல.

எல்லாம் செஞ்சும் கிட் மட்டும் பழைய எடிட்டரையே திறந்தா கோர்.எடிட்டர் எங்கயோ மிச்சம் இருக்கு. கிட் கான்ஃபிக்குக்கு --ஷோ-ஆரிஜின் குடுத்து கேட்டா எந்த ஃபைல்லேந்து வருதுன்னு சொல்லும், உங்க ஹோம் ஃபோல்டர் ஃபைல்னா --குளோபல், சிஸ்டம் ஃபைல்னா அட்மினா --சிஸ்டம், கூடவே --அன்செட் போட்டு எடுத்துடுங்க. விண்டோஸ்ல கிட் இன்ஸ்டால் பண்ணும்போது எடிட்டர் எதுன்னு கேக்கும்ல, அங்க குடுத்த பதில்தான் பெரும்பாலும் குறுக்க நிக்கும்.

பல பேர் ஒரே லாகின்ல போற சர்வர்ல இந்த ப்ரொஃபைல் வேலை எதுவும் வேணாம். நீங்க நியோவிம் வச்சுட்டுப் போவீங்க, அடுத்து வர்றவர் நானோ ஆளு, ராத்திரி சர்வர் டவுனா இருக்கும்போது வெளிய வர வழி தெரியாம உங்களுக்கு ஃபோன் பண்ணுவார். அங்க மட்டும் அந்த ஒரு கமாண்டுக்கு முன்னாடி விஷுவல்=விம்னு அதே வரில குடுத்துட்டு க்ரான்டேப் -இ அடிங்க, சிஸ்டம்சிடிஎல் எடிட்னா எடிட்டர்=விம், அந்த ஒரு தடவையோட அது போயிடும்.